படம் வருகிறது, ரோபோ தடுமாறுகிறது: கமரா ரோபோவில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

திருகோணமலையில் கமரா பூட்டிய ரோபோ செய்யும் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்வி அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணா, ரோபோ மெதுவாகத்தான் பார்க்குது. ராஸ்பெரி பை காணாது போல. ஜெட்சன் வாங்கட்டா?"

பொறுங்கள். இரண்டும் ரோபோவின் மூளையாக ஓடும் சின்னக் கணினிப் பலகைகள் (போர்ட்), ஜெட்சன் அதில் பலமானது. அந்த போர்ட் கொழும்பிலிருந்து கூரியரில் வரவேண்டும், விலையும் கொஞ்சநஞ்சமல்ல. வாங்கிப் பூட்டிய பிறகும் அதே தடுமாற்றம் இருந்தால் காசும் போச்சு, போட்டி நாளும் வந்துவிடும். நான் பார்த்த அளவில் போர்ட்டின் பலம் போதாமல் வரும் கோளாறு குறைவு. மின்சாரம், வயர், தேங்கிக் கிடக்கும் பழைய படம், தேவையில்லாமல் அங்குமிங்கும் அனுப்பப்படும் படம், இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் போய் முடியும்.

உங்கள் ரோபோ காட்டும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

மல்டிமீற்றரை எடுத்து, போர்ட்டின் 5 வோல்ட் பின்னிலேயே மின்னழுத்தத்தை அளங்கள். பற்றரியில் அளந்து பிரயோசனம் இல்லை. மோட்டர்கள் சும்மா நிற்கும்போது ஒருமுறை, சக்கரத்தைக் கையால் பிடித்துச் சிரமப்படுத்தும்போது ஒருமுறை. இரண்டுக்கும் இடையே எவ்வளவு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம். ஒரு கைபேசியில் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டு ரோபோவின் கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். ரோபோ பார்க்கும் படம் லப்டொப் திரையில் தெரியட்டும். இன்னொரு கைபேசியால் கடிகாரமும் திரையும் ஒன்றாக விழும்படி ஒரு படம் எடுங்கள். கடிகாரத்தில் 12.84, திரையில் 12.41 என்றால் உங்கள் தாமதம் 430 மில்லிசெக்கன். வேறு கருவியே தேவையில்லை.

கடைசியாக, நிரலுக்குள் மூன்று இடத்தில் நேரத்தை அச்சிடுங்கள்: படம் எடுக்க எவ்வளவு, அதைக் கணக்கிட எவ்வளவு, முடிவை அனுப்ப எவ்வளவு. "மெதுவாக இருக்கு" என்ற முறைப்பாடு இதற்குப் பிறகுதான் ஒரு கேள்வியாக மாறும்.

மோட்டர் ஓடத் தொடங்கியதும் போர்ட் அணைந்து திரும்ப எழும்புகிறது

இது மின்சாரம். வேறொன்றும் தேடவேண்டாம். மோட்டர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், சீராக ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் எச்சரிக்கை தரும். திரை பூட்டியிருந்தால் மூலையில் மின்னல் குறி தெரியும். திரை இல்லாத ரோபோவில் 'கெட் த்ராட்டில்ட்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வெறும் பூச்சியம் வந்தால் சரி. வேறு எண் வந்தால் இப்போதோ, போர்ட்டை ஏற்றிய பிறகு ஏதோ ஒரு நேரத்திலோ மின்னழுத்தம் விழுந்திருக்கிறது அல்லது சூடு ஏறியிருக்கிறது. நடந்து முடிந்ததையும் அது நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் அதன் அருமை.

திருத்தம்: போர்ட்டுக்குத் தனியாக ஒரு பக் கன்வெர்டர் (பற்றரியின் மின்னழுத்தத்தை இறக்கித் தரும் பலகை). பை 4-க்கு 5 வோல்ட் 3 அம்பியர் தரக்கூடியது வேண்டும். பை 5-க்கு 5 அம்பியர் வழங்கி இருந்தால் நல்லது. 3 அம்பியர் வழங்கியிலும் அது ஓடும், ஆனால் யூஎஸ்பி துவாரங்களுக்கு எல்லாமாகச் சேர்த்து 600 மில்லிஅம்பியர்தான் விடும். பிறகு யூஎஸ்பி கமரா விட்டு விட்டு மறைகிறது என்று கமராவைத் திட்டிக்கொண்டிருப்போம். எல்298என் மோட்டர் போர்ட்டில் 5 வோல்ட் என்று ஒரு முனை இருக்கிறது அல்லவா, அதிலிருந்து பையை ஓட்ட நினைக்காதீர்கள். அதிலுள்ள சின்ன ரெகுலேட்டர் அரை அம்பியருக்கானது. மோட்டரின் தரையும் (கிரவுண்ட் வயர்) போர்ட்டின் தரையும் ஒரே புள்ளியில், பற்றரிக்குப் பக்கத்தில் சேரட்டும்.

ஈஎஸ்பி32-கேம் (கமராவும் வை-ஃபையும் சேர்ந்த சின்னப் பலகை) என்றால் அறிகுறி இன்னும் தெளிவு: வை-ஃபை தொடங்கும் கணத்தில் 'பிரவுன்அவுட்' (மின்னழுத்தம் விழுந்தது) என்று எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிரலேற்றும் சின்ன யூஎஸ்பி பலகையின் 3.3 வோல்ட்டில் அதை ஓட்டாமல், 5 வோல்ட் முனைக்கு நல்ல வழங்கி கொடுங்கள்.

படம் தெளிவு, ஆனால் ரோபோ பழைய படத்தைப் பார்த்துத்தான் திரும்புகிறது

பந்து இடப்பக்கம் போய்விட்டது. ரோபோ வலப்பக்கம் திரும்புகிறது. கொஞ்சம் பொறுத்து இடப்பக்கம் திரும்பும்போது பந்து அங்கும் இல்லை. "புரொசசர் காணாது" என்ற முடிவுக்கு அதிகம் பேரைத் தள்ளிவிடுவது இந்த அறிகுறிதான்.

செக்கனுக்கு 30 படம் தரும் கமராவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு ஒரு படத்துக்கு 100 மில்லிசெக்கன் எடுக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் மூன்று படம் வந்து வரிசையில் நிற்கும். ஓப்பன்சிவியிடம் (படத்தை அலசும் நிரல் நூலகம்) அடுத்த படம் கேட்டால், வரிசையில் முதலில் நிற்பதைத்தான் எடுத்துத் தரும். வரிசையின் தலையில் நிற்பது எப்போதும் பழைய படம். நாலு படம் தேங்கினாலே 130 மில்லிசெக்கன் போய்விட்டது. செக்கனுக்கு அரை மீற்றர் ஓடும் ரோபோவில் மொத்தத் தாமதம் 300 மில்லிசெக்கன் என்றால், அது 15 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும் உலகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது.

இதற்கு வேகமான போர்ட் மருந்தல்ல. தனி திரெட் (நிரலுக்குள் பக்கத்திலேயே தனியாக ஓடும் இழை) ஒன்றில் கமராவை நிற்காமல் வாசித்துக்கொண்டே இருங்கள். கடைசியாக வந்த ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுங்கள். கணக்கிடும் பகுதி தயாரானதும் அந்தப் புதுப் படத்தை எடுக்கட்டும். பஃபர் (படம் காத்துநிற்கும் வரிசை) அளவை 1 ஆக்கும் அமைப்பு ஒன்றும் ஓப்பன்சிவியில் இருக்கிறது. எல்லா கமரா இணைப்புமுறையிலும் அது மதிக்கப்படுவதில்லை. அமைத்தோம் என்று நம்பாமல் கடிகாரத்தைத் திரும்பப் பிடித்துப் பாருங்கள்.

இன்னொரு இடத்திலும் படம் தேங்கும். படத்தை லப்டொப்புக்கு அனுப்பி, அங்கே கணக்கிட்டு, முடிவைத் திருப்பி அனுப்பும் ரோபோக்கள். டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஒரு பொதி தொலைந்தால், அது திரும்ப வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்கும். கோப்பு அனுப்ப அது நல்ல குணம். ஓடும் ரோபோவுக்கு அது கெட்ட குணம், ஏனென்றால் தொலைந்த படம் வந்து சேரும்போது அதால் பலன் இல்லை.

வீட்டில் நன்றாக ஓடியது, மண்டபத்தில் படம் உறைகிறது

போட்டி மண்டபத்தில் ஆட்கள் நிறைந்ததும் வரும் பிழை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி, அதில் பாதிப் பேர் ஹொட்ஸ்பொட்டும் போட்டிருப்பார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றுதான். மனித உடம்பும் அந்த அலையை நன்றாக உறிஞ்சும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 640-க்கு 480 அளவுள்ள வண்ணப் படம், சுருக்காமல், செக்கனுக்கு 30 என்றால் 27.6 மெகாபைட். அதாவது 221 மெகாபிட். மலிவான ரவுட்டர் ஒன்று நெரிசலான மண்டபத்தில் இதைத் தாங்கவே தாங்காது. ஜேபெக் ஆகச் சுருக்கினால் ஒரு படம் 20, 30 கிலோபைட்டுக்கு இறங்கும். இப்போது, தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யூடிபி முறையில் அனுப்பலாம் என்று போனால் வேறு ஒரு சிக்கல்: ஒரு பொதியில் போகக்கூடியது ஏறத்தாழ 1,472 பைட். 30 கிலோபைட் படம் இருபதுக்கு மேற்பட்ட துண்டாக உடையும். அதில் ஒன்று தொலைந்தாலும் படம் முழுக்கப் போச்சு. எனவே படத்தைச் சின்னதாக்குங்கள், தரத்தைக் குறையுங்கள், செக்கனுக்கு 10 படம் போதுமா என்று யோசியுங்கள். சொந்த ரவுட்டரை 5 கிகாஹேர்ட்ஸில் கொண்டுபோங்கள். தூரம் குறையும், ஆனால் மண்டபத்துக்குள் அது பிரச்சினையில்லை.

ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. யூஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. கோரல் ஆக்ஸிலரேட்டரையோ (பொருளை அடையாளம் காணும் கணக்கை வேகமாக்கும் யூஎஸ்பி கருவி) யூஎஸ்பி 3 வட்டையோ வை-ஃபை அன்டெனாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் சிக்னல் விழும். அதை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: ஓடும் ரோபோவின் கட்டுப்பாட்டுக்காக வை-ஃபையில் படம் அனுப்பவே கூடாது. கமராவுக்குப் பக்கத்திலேயே கணக்கிட்டு, "பந்து 212, 140, அகலம் 38" என்று நாலைந்து எண்ணை மட்டும் அனுப்புங்கள். படம் மனிதர் பார்ப்பதற்கு. அது தாமதித்தால் ரோபோவுக்கு நட்டமில்லை. இந்த ஒரு மாற்றத்தோடு மேலே சொன்ன பாதிக் கோளாறு தானாகவே மறைந்துவிடும்.

ஆர்டுயினோவுக்குக் குப்பை எழுத்து வருகிறது, அல்லது ஒன்றுமே வருவதில்லை

அந்த நாலைந்து எண்ணை, மோட்டரை ஓட்டும் ஆர்டுயினோ பலகைக்கு அனுப்ப யூஆர்ட் (வயரில் பிட் பிட்டாக அனுப்பும் எளிய முறை) தாராளம். செக்கனுக்கு 115200 பிட் வேகத்தில் 8 பைட் போக 0.7 மில்லிசெக்கன். 9600-இல் அதுவே 8 மில்லிசெக்கனுக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க, 20 கிலோபைட் படம் ஒன்றை 115200-இல் அனுப்பினால் ஒன்றே முக்கால் செக்கன் பிடிக்கும். யூஆர்ட்டில் படம் அனுப்ப நினைப்பவர்களுக்கு இந்த எண் போதும்.

ஒன்றுமே வரவில்லை என்றால்: அனுப்பும் முனை வாங்கும் முனைக்குத்தான் போயிருக்கிறதா, இரண்டு போர்ட்டின் தரையும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தரை வயரை மறப்பது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து. அதோடு, ஊனோ (ஆர்டுயினோ பலகைகளில் ஒன்று) அனுப்புவது 5 வோல்ட், பை தாங்குவது 3.3 வோல்ட். ஊனோவின் அனுப்பும் முனையை பையில் நேரே குத்தினால் இன்று வேலை செய்யலாம், நாளைக்குப் பையின் அந்தப் பின் செத்திருக்கும். மின்னழுத்தத்தை இறக்கும் லெவல் ஷிப்டர் ஒன்று, அல்லது 1 கிலோஓமும் 2 கிலோஓமும் கொண்ட பிரிப்பான் போதும். பையிலிருந்து ஊனோவுக்குப் போகும் பக்கம் அநேகமாகச் சும்மாவே சரிவரும்.

குப்பை வருகிறது என்றால்: இரண்டு பக்கமும் ஒரே வேகமா? நிரலாலேயே யூஆர்ட் வேலை செய்யும் சொஃப்ட்வெயார் சீரியலை 115200-இல் ஓட்டுகிறீர்களா? அது அந்த வேகத்தில் நம்பத்தகாதது, 38400-க்குக் கீழே இறக்குங்கள் அல்லது வன்பொருள் துவாரத்துக்கு மாறுங்கள். ஊனோவின் உள்வாங்கும் பஃபர் 64 பைட் மட்டுமே. மோட்டருக்காக நிரலில் டிலே போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அது நிரம்பி வழிந்துவிடும். அதனால் எண்களின் நடுப்பகுதி காணாமல் போகும்.

அதனால்தான் வெறும் எண்களை அனுப்பாமல் ஒரு சட்டகம் போட்டு அனுப்பவேண்டும்: தொடக்க பைட், நீளம், தரவு, கடைசியில் ஒரு செக்சம் (தரவு சரியாக வந்ததா என்று பார்க்கும் எண்). செக்சம் பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியை எறி. மோட்டர் பக்கத்தில் இன்னொரு வரி கட்டாயம்: 200 மில்லிசெக்கனாகப் புதிய செய்தி வரவில்லையென்றால் சக்கரத்தை நிறுத்து. பை உறைந்துபோனாலும் ரோபோ சுவரைத் தேடி ஓடாது.

யூஎஸ்பி வழியாக ஊனோவை இணைத்தவர்களுக்கு: நிரல் துவாரத்தைத் திறக்கும் கணத்தில் ஊனோ தானே மறுதொடக்கம் ஆகும். இரண்டு செக்கன் பொறுத்து அனுப்பத் தொடங்குங்கள். இரண்டு கருவி செருகியிருந்தால் அவற்றின் துவார எண் ஒவ்வொரு தடவையும் மாறி வரலாம். கருவியின் அடையாள எண்ணைக் கொண்ட நிலையான பெயரால் திறவுங்கள்.

வயர் ஒரு மீற்றருக்கு மேல் போகிறது, பக்கத்தில் பெரிய மோட்டர் இரைகிறது என்றால் யூஆர்ட்டையும் ஐ-டூ-சியையும் (இன்னொரு குட்டைத்தூர வயர் முறை) விட்டுவிட்டு, இரைச்சலைத் தாங்கும் கேன் பஸ் என்ற இரண்டு கோட்டு முறைக்குப் போங்கள். அதில் செய்தி வரவில்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கோட்டுக்கும் இடையே தடையை அளங்கள். ஏறத்தாழ 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் முடிவுத்தடை இல்லை. 60 சரியாக இருந்தும் வரவில்லையா? மலிவான எம்சிபி2515 கேன் பலகையின் படிகத்தில் 8 (மெகாஹேர்ட்ஸ்) என்று எழுதியிருக்கிறதா, 16 என்றா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிரலில் வேறு எண் கொடுத்திருப்போம்.

முதல் பத்து நிமிடம் வேகம், பிறகு மந்தம்

சூடு. ராஸ்பெரி பை 80 பாகையைத் தாண்டினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெளியே 35 பாகைக்கு மேல் போகும். அந்த வெயிலில் மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போர்ட்டை வைத்தால் 80 ஒன்றும் தூரமில்லை. ஹீட்சிங்க், விசிறி, பெட்டிக்கு வெள்ளை நிறம். விசிறி வைத்தால் உப்புக்காற்றும் மணலும் உள்ளே போகும் என்பதால், கடற்கரையில் ஓடும் ரோபோவுக்கு நான் விசிறியைவிட, சூட்டைப் பெட்டியின் அலுமினியச் சுவருக்குக் கடத்தும் அமைப்பைத்தான் சொல்வேன்.

கமராவையே காணோம்

ரிப்பன் கேபிளின் உலோகப் பக்கம் சரியான பக்கம் பார்க்கிறதா? பை 4-இன் 15 பின் கேபிள் பை 5-க்குப் பொருந்தாது, அதற்கு 22 பின் வேண்டும். பழைய பாடங்களைப் பார்த்து படம் எடுக்கும் ராஸ்பிஸ்டில் கட்டளையைத் தேடாதீர்கள், அது இப்போதைய இயங்குதளத்தில் இல்லை. ரிப்பன் கமராவை ஓப்பன்சிவியால் நேரே திறக்க முயன்று தோற்றால் பிகேமரா2 நூலகம் வழியாக எடுங்கள். அதில் நிறம் நீலமும் சிவப்பும் இடம்மாறி வந்தால் பயப்படவேண்டாம். வடிவமைப்பின் பெயரும் உள்ளே வரும் வரிசையும் அங்கே தலைகீழ்.

இரண்டாவது வெப்கேம் திறக்கவில்லை, அல்லது 720-இல் செக்கனுக்கு 10 படம்தான்

'இடமில்லை' என்று பிழை வரும், உடனே மெமரி காட்டைப் பார்ப்பார்கள். அது யூஎஸ்பியின் இடம். சுருக்காத 1280-க்கு 720 படம் செக்கனுக்கு 30 என்றால் 55 மெகாபைட். யூஎஸ்பி 2-இன் எல்லை காகிதத்திலேயே 60, கையில் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவு. ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டு கமரா கட்டாயம் வேண்டுமென்றால் ஒன்றை ரிப்பன் வழியாக எடுப்பது சுகம்.

படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது, நிறம் மாறுகிறது

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் செக்கனுக்கு 100 தடவை மின்னும். கமரா 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்கென்று அமைந்து வந்திருந்தால் பட்டை ஓடும். அமைப்பில் 50-க்கு மாற்றுங்கள், அல்லது ஒளிவாங்கும் நேரத்தை நூறில் ஒரு செக்கன் அல்லது ஐம்பதில் ஒரு செக்கன் என்று பூட்டுங்கள்.

உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓட்டுபவர்களுக்கு வேறு தொல்லை. காலையில் சூரியன் கடலுக்கு மேலேதான் நிற்கும்; கமரா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒளி அளவும் வெண்மைச் சமநிலையும் தானாக மாறி, செம்மஞ்சள் பந்து மண்ணிறமாகிவிடும். வெண்மைச் சமநிலையைப் பூட்டுங்கள். ஒளி அளவைப் பூட்டாதீர்கள், வெளியில் அது தேவை. லென்ஸுக்கு மேல் கறுப்பு மட்டையில் ஒரு தாழ்வாரம் ஒட்டுங்கள். நாளாக நாளாகப் படம் புகைந்தால் லென்ஸில் உப்புப் படிந்திருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கரைத்துவிட்டுத் துடையுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும்.

குலுங்கும்போது நேர்க்கோடு சரிந்தும் நெளிந்தும் தெரிந்தால் அது ரோலிங் ஷட்டர் (படத்தை வரிவரியாக எடுப்பது). ஒளிவாங்கும் நேரத்தைக் குறைத்தால் மங்கல் போகும், நெளிவு போகாது. அதற்கு, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் கமராதான் வேண்டும். ராஸ்பெரி பைக்கென்றே 1.6 மெகாபிக்சலில் ஒன்று இருக்கிறது. மெகாபிக்சல் குறைவு என்று கவலைப்படாதீர்கள், ரோபோவுக்கு அதுவே அதிகம்.

ரோஸ் 2-இல் தலைப்பு பட்டியலில் தெரிகிறது, படம் வரவில்லை

ரோஸ் 2 என்பது ரோபோவின் நிரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள், அதில் செய்தி போகும் வழிக்குப் பெயர் தலைப்பு. அனுப்புபவர் 'பெஸ்ட் எபர்ட்' (தொலைந்தால் தொலையட்டும்), வாங்குபவர் 'ரிலையபிள்' (ஒன்றும் தொலையக்கூடாது) என்று இருந்தால் இருவரும் சேரமாட்டார்கள். வாங்கும் பக்கத்தையும் பெஸ்ட் எபர்ட் ஆக்குங்கள். இரண்டு கணினியின் டொமைன் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரி, அப்பவும் கணக்கிடும் நேரம்தான் கூட

இப்போதுதான் போர்ட்டைப் பற்றிக் கதைக்கலாம். நேர அச்சில் கணக்கிடும் பகுதி மட்டும் பெரிதாக நிற்கிறது என்றால், முதலில் படத்தைச் சின்னதாக்குங்கள். 640-க்கு 640 இலிருந்து 320-க்கு 320 ஆக்கினால் வேலை கால்வாசி.

அப்புறம், என்ன தேடுகிறீர்கள்? நிறப்பந்து, கறுப்புக் கோடு, ஏப்ரல்டேக் அட்டை (கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி) இவற்றுக்கு, படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலையே தேவையில்லை. பை 4 போதும். நிறம் மட்டும் என்றால் பிக்ஸி2 அல்லது ஓப்பன்எம்வி கமரா போதும். அவை கமராவுக்குள்ளேயே கணக்கிட்டு யூஆர்ட்டிலோ எஸ்பிஐயிலோ எண்ணைத்தான் தரும். ஈஎஸ்பி32-கேமைப் படம் அனுப்பும் கண்ணாக மட்டும் பாருங்கள், மூளையாக எதிர்பார்க்கவேண்டாம்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கமும் நகருக்குள்ளும் திரியும் மான்களை நாய், மாடு, ஆளிலிருந்து பிரித்தறியவேண்டும் என்றால் அது வேறு கதை. அதற்கு யோலோ போன்ற நரம்பு வலை மாதிரி வேண்டும். பை 4-இன் புரொசசரில் மட்டும் ஓட்டினால் செக்கனுக்கு ஒற்றை இலக்கப் படம்தான். மான் நின்று பார்க்கும் பிராணி என்பதால் செக்கனுக்கு மூன்று படமே காணும் என்று ஒரு தம்பி வாதாடினான், அவன் ரோபோவைப் பொறுத்தவரை அது சரியும்கூட. காணாது என்றால் பை 5-உடன் 13 டொப்ஸ் (செக்கனுக்கு 13 இலட்சம் கோடி கணக்கு) வேகமுள்ள ஹெய்லோ-8எல் வேகமூட்டி இணைப்பு, அல்லது ஜெட்சன் ஓரின் நானோ. பழைய ஜெட்சன் நானோ மலிவாகக் கிடைத்தால் வாங்குமுன் யோசியுங்கள். 2019-இல் வந்தது, மென்பொருள் பழையதிலேயே நின்றுவிட்டது. எதை வாங்கினாலும் அதே பொதியில் அதற்கேற்ற கமரா கேபிளையும் மின்வழங்கியையும் சேர்த்தே எடுப்பியுங்கள். கேபிளுக்காக மட்டும் இன்னொரு கூரியர் காசு கட்டவேண்டி வரும்.